முதல் நாளே ஓய்வு: ஹால் ஹிக்டனின் ‘நோவிஸ் 1’ மாரத்தான் அட்டவணை, சென்னையில் 18 வாரம்

2023 செப்டம்பர் 4, திங்கட்கிழமை. முந்தின இரவே ஷூவுக்கு லேஸ் கோத்து, சாக்ஸை உள்ளே சுருட்டி வைத்து, நாலரைக்கு அலாரமும் வைத்தாயிற்று. எழுந்து வந்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளைப் பார்க்கிறேன். முதல் வாரம், முதல் கட்டம்: ரெஸ்ட்.

தாளை ஒட்டும்போது ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களை மட்டும்தான் பார்த்திருந்தேன். எத்தனை கிலோமீட்டர், எந்த வாரம் அதிகம், கடைசியில் எவ்வளவு, இதிலேயே கண் இருந்தது. 18 வாரம் கழித்து, 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்த பிறகு சொல்கிறேன்: அந்த அட்டவணையில் எனக்கு அதிகம் உதவியது ‘ரெஸ்ட்’ என்ற கட்டங்கள்தான். இந்த விமர்சனத்தில் நான் சொல்ல வருவதும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வயது 43. மடிப்பாக்கத்தில் வீடு, வங்கியில் வேலை, நாள் முழுக்க நாற்காலி. அதற்கு முன் இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் ஓடிக்கொண்டிருந்தேன். 10 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வேகமான ஆள் இல்லை. 2024 ஜனவரி 6 சென்னை மாரத்தானில் முழு தூரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் அட்டவணை தேடவே ஆரம்பித்தேன்.

ஹால் ஹிக்டன் 1931-ல் பிறந்த அமெரிக்க ஓட்டக்காரர். 1964 பாஸ்டன் மாரத்தானில் ஐந்தாவதாக வந்தவர். புதிதாக ஓட வருபவர்களுக்கு அவர் போட்டுக் கொடுத்த அட்டவணைகள் அவருடைய இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. காசு கட்டி வாங்கும் வடிவங்களும் உண்டு. நான் இலவசத்தோடு நின்றேன். ஒரு ஏ4 தாள், தெருமுனைக் கடையில் ஒரு பிரிண்ட் அவுட், அவ்வளவுதான் செலவு.

நோவிஸ் என்றால் புதியவர். நான் எடுத்த நோவிஸ் 1-ன் அமைப்பு மிக எளிமையானது. திங்கள் ஓய்வு. செவ்வாய், புதன், வியாழன் ஓட்டம். வெள்ளி ஓய்வு. சனிக்கிழமை நீண்ட ஓட்டம், அதாவது லாங் ரன். ஞாயிறு கிராஸ் டிரெய்னிங்: நீச்சல், சைக்கிள், நடை, எது முடியுமோ அது. வாரத்துக்கு நான்கே நாள் ஓட்டம். எங்களுக்கு இரண்டாவது, நான்காவது சனிதான் விடுமுறை என்பதால் சனியையும் ஞாயிறையும் இடம் மாற்றிக்கொண்டேன். நாட்களை அப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று ஹிக்டனே சொல்கிறார். ஞாயிறு லாங் ரன், மறுநாள் திங்கள் ஓய்வு. எனக்கு இது இன்னும் வசதியாகப் போயிற்று.

தூரமெல்லாம் மைலில் இருக்கிறது. நம் ஊர்க்காரருக்கு இது ஒரு சின்ன இடைஞ்சல். முதல் நாளே பேனாவை எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் கிலோமீட்டரை எழுதிவிட்டேன். முதல் வாரம் லாங் ரன் 6 மைல், 9.7 கிலோமீட்டர். அங்கிருந்து ஏறி, எட்டாவது வாரத்தில் ஒரு ஹாஃப் மாரத்தான், பதினைந்தாவது வாரத்தில் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். அதற்கு மேல் பயிற்சியில் கிடையாது. பிறகு மூன்று வாரம் இறங்குமுகம்: 19, 13, அப்புறம் போட்டி. வாரக் கூட்டுத்தொகை முதல் வாரத்தில் 24 கிலோமீட்டர், உச்சத்தில் 64.

இந்த ஏற்றம் நேர்கோடாக இல்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள். 9.7, 11.3, அப்புறம் 8. 14.5, 16, அப்புறம் 11.3. இரண்டு வாரம் ஏற்றி, மூன்றாவது வாரம் இறக்கிவிடுகிறார். ஸ்டெப்-பேக் வாரம் என்று பெயர். தாளில் பார்க்கும்போது வீணாகப் போகும் வாரம் போலத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதனால் ஆறாவது வாரம் ஒரு தப்புச் செய்தேன்.

அக்டோபர் 15 அது. முந்தின ஞாயிறு 16 கிலோமீட்டரை அலுப்பே இல்லாமல் முடித்திருந்தேன். மூச்சு சீராக இருந்தது, கால் லேசாக இருந்தது. அட்டவணை 11 என்கிறது. இவ்வளவு நன்றாக ஓடும்போது ஏன் நிறுத்த வேண்டும் என்று 18 ஓடினேன். செவ்வாய்க்கிழமை காலை கட்டிலிலிருந்து கீழே கால் வைத்ததும் இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி, விரல் வைத்து அழுத்தினால் சுருக்கென்றது. பிசியோதெரபிஸ்ட் அம்மா என் காலைப் பார்ப்பதற்கு முன்னால் போனில் இருந்த தூரக் கணக்கைப் பார்த்தார். “நுரையீரலும் இதயமும் சீக்கிரம் பழகிடும். எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாதும்மா. உங்களுக்கு மூச்சு தயார், கால் தயாராகலை” என்றார். ஒரு வாரம் ஓட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஏழு கிலோமீட்டர் ஆசைப்பட்டு ஏழாவது வாரம் முழுவதையும் இழந்தேன்.

அந்த மூன்றாவது வாரங்கள் எதற்காக இருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. மூச்சு வாங்காமல் ஓட முடிவதால் உடம்பு முழுக்கத் தயாராகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எலும்புக்குள் நடக்கும் வேலை நமக்குத் தெரிவதில்லை. அட்டவணை அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கியிருக்கிறது. அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மனசு கேட்காமல் ஷூவைக் கையில் எடுத்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்து தாளில் விரல் வைத்து, “அம்மா, இன்னைக்கு ரெஸ்ட்னு போட்டிருக்கு” என்றாள். ஷூவை வைத்துவிட்டேன்.

வேகத்தைப் பற்றி அட்டவணைக் கட்டங்களில் எதுவும் இல்லை. தூரம் மட்டும்தான். கூடவே உள்ள குறிப்புகளில் சாரம் ஒன்றே: பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் ஓடு, லாங் ரன்னைப் போட்டி வேகத்தைவிட மெதுவாக ஓடு, நடுவில் நடந்தாலும் பரவாயில்லை. என் லாங் ரன்களுக்கு வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் தண்ணீர் பாட்டிலோடு கூடவே வருவார். விடியாத நேரத்தில் தனியாகப் போக வேண்டாம் என்பதற்காக, அப்புறம் தெருநாய்களுக்காக. அவரிடம் அந்த மாதத்து வீட்டுச் செலவை முழுக் கணக்காகச் சொல்லிக்கொண்டே ஓடுவேன். பால், கேஸ், ஸ்கூல் வேன், சீட்டுப் பணம். ஒரு வாக்கியத்தை நடுவில் முறிக்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. “கேஸ்...” என்று நின்று மூச்சு இழுத்தால் அதிகம். என் கைக்கடிகாரத்தின் இதயத் துடிப்பு எண்ணைவிட இது எனக்குச் சரியாக வேலை செய்தது.

இனி, இந்த அட்டவணை சென்னைக்கு எங்கே பற்றாது என்று சொல்கிறேன்.

முதலாவது, புழுக்கம். செப்டம்பரில் விடியற்காலை ஐந்து மணிக்கே 26, 27 டிகிரி இருக்கும். காற்றில் ஈரம் அதைவிட மோசம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே அது ஆவியாகாமல் சட்டையிலேயே தங்கிச் சொட்டுகிறது. சூட்டை வெளியே தள்ள இதயம் ரத்தத்தைத் தோலுக்கும் அனுப்ப வேண்டும், காலுக்கும் அனுப்ப வேண்டும். அதனால் அதே வேகத்தில் துடிப்பு ஏறிவிடுகிறது. குளிர் நாட்டில் 6 மைல் ஓடுவதும் பெசன்ட் நகர் கடற்கரையில் செப்டம்பரில் 6 மைல் ஓடுவதும் ஒரே கட்டத்தில் எழுதப்பட்டிருந்தாலும் ஒரே வேலை இல்லை. நான் செய்தது: முதல் ஐந்து வாரம் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வரை மெதுவாக்கினேன். தூரத்தைக் குறைக்கவில்லை.

இரண்டாவது, உப்பு. கட்டங்களில் இதற்கு இடமில்லை. ஆனால் நம் ஊரில் இது இல்லாமல் லாங் ரன் இல்லை. 16 கிலோமீட்டர் தாண்டிய நாட்களில் தொப்பியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக வரி விழும், எல்லாம் உப்பு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உள்ள சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல் என்று ஆரம்பித்து ஆபத்தாகவும் முடியலாம். மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்ட ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலம் 20.5 கிராம் இருக்கும். முழுப் பொட்டலத்தையும் முழு லிட்டரில் கலக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீரில் நிறையப் போட்டுக் குடிக்கக்கூடாது. பார்க்க அதே மாதிரி இருக்கும் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானம் வேறு, இது வேறு. இரண்டு பேரீச்சம்பழம், ஒரு கடலைமிட்டாய், இந்தத் தண்ணீர். என் லாங் ரன் சாப்பாடு இதுதான். ஓட்டக்காரர்கள் வழியில் சாப்பிடும் எனர்ஜி ஜெல்லை ஒருமுறை முயன்றேன், வயிற்றுக்கு ஒத்துவரவில்லை.

மூன்றாவதுதான் பெரிது. ஜனவரி முதல் வாரத்தில் மாரத்தான் என்றால், 18 வாரக் கணக்கில் உச்ச வாரங்கள் எல்லாம் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை விழும். அது நம் வடகிழக்குப் பருவமழைக் காலம். அட்டவணை போட்டவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும், இருந்தும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

பண்டிகையையாவது சமாளிக்கலாம். பத்தாவது வாரத்து 24 கிலோமீட்டர் நவம்பர் 12 ஞாயிறு, அன்றைக்குத்தான் தீபாவளி. முந்தின நாள் இரண்டாவது சனி, விடுமுறை. அன்றே ஓடி முடித்துவிட்டு வந்து அதிரச மாவு தட்டினேன். பதினொன்றாவது வாரம் 26-ம் நல்லபடியாகப் போனது. பன்னிரண்டு ஸ்டெப்-பேக். பதின்மூன்றாவது வாரம் 29 கிலோமீட்டர், டிசம்பர் 3, ஞாயிறு.

அன்று ஓடவில்லை. மிக்ஜாம் புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. இரவு முழுக்கக் கொட்டிய மழையில் மறுநாள் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த்தளத்து மோட்டார் மூழ்கிவிட்டது. கரண்ட் இல்லை. செல்போன் சிக்னல் இல்லை. கீழ் வீட்டில் இருந்த பாட்டியையும் அவர் சாமான்களையும் எங்கள் இரண்டாம் மாடிக்குக் கொண்டுவந்தோம். தண்ணீர் கேன் எங்கே கிடைக்கிறதென்று விசாரித்து, இருபது லிட்டர் கேனைப் படியில் ஏற்றி, அடுத்ததுக்கு இறங்கி, இப்படியே நாட்கள் போயின. பால் பாக்கெட்டுக்கு வரிசையில் நின்றோம். அட்டவணையைப் பார்க்கவே தோன்றவில்லை. கரண்ட் வந்த பிறகு ஃபிரிட்ஜைத் துடைக்கும்போதுதான் தாள் கண்ணில் பட்டது. பதின்மூன்றாவது வாரத்தின் கடைசிக் கட்டத்திலும் பதினான்காவது வாரத்தின் எல்லாக் கட்டங்களிலும் பேனாவால் ‘தண்ணி’ என்று எழுதினேன். டிசம்பர் 10-க்குரிய 22 கிலோமீட்டரும் அதோடு போயிற்று.

இப்போது கேள்வி இதுதான்: பதினைந்தாவது வாரக் கட்டம் 32 கிலோமீட்டர் என்கிறது. நான் கடைசியாக ஓடிய பெரிய தூரம் 26, அதுவும் நான்கு வாரத்துக்கு முன்னால். நேரே 32-க்குத் தாவலாமா? ஓட்டக் குழுவில் இருந்த தோழி ஒருவர் தாவு என்றார், இன்னொருவர் போட்டியையே அடுத்த வருடம் பார்த்துக்கொள் என்றார். எனக்கு அக்டோபர் 15-ம் அந்த முன்னெலும்பும் ஞாபகம் வந்தது. வரிசையை மீறாமல், விட்டுப்போன 29-ஐயே ஓடுவது என்று முடிவு செய்தேன்.

டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். நாலரை மணிக்குத் திருவான்மியூரில் ஆரம்பித்தேன். மருந்தீஸ்வரர் கோயில் பக்கம் ஒலிபெருக்கியில் பாட்டு, சந்துக்குள் டார்ச் வெளிச்சத்தில் ஒரு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ஈ.சி.ஆரில் தெற்கே போய், உத்தண்டி சுங்கச்சாவடிப் பக்கம், கடிகாரம் பதினாலரை காட்டிய இடத்தில் திரும்பினேன். இரண்டு வாரம் ஓடாத கால் எப்படி இருக்குமோ என்று பயந்ததற்கு நேர்மாறாக, இருபது கிலோமீட்டர் வரை கால் புதிதாக இருந்தது. இருபத்திநான்கில் உள்தொடை உரசி எரிய ஆரம்பித்தது. வாஸலினைச் சரியாகத் தடவாத தவறு. அது தவிர எலும்பில், மூட்டில், ஒரு வலியும் இல்லை. நீலாங்கரை வரும்போது வெயில் முதுகில் இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்தி, மீதி இருந்த ஓ.ஆர்.எஸ். தண்ணீரை நீட்டினார். நின்றுகொண்டே குடித்துவிட்டுக் கடைசி ஐந்தையும் ஓடினேன்.

32 கட்டம் காலியாகவே இருக்கிறது. அதை நிரப்ப அடுத்த வாரம் முயலவில்லை. அங்கிருந்து மூன்று வார இறக்கம், டேப்பர் என்பார்கள். இந்த மூன்று வாரத்தில்தான் மனசு ரொம்பப் படுத்தும். தூரம் குறையக் குறைய, பயிற்சி போதவில்லை என்ற பயம் ஏறும். வழக்கமாக வராத இடங்களில் எல்லாம் வலிக்கிற மாதிரி இருக்கும். நோவிஸ் 1-ஐ எடுப்பவர்கள் இங்கே தாளை மட்டும் நம்புங்கள். கடைசி நேரத்தில் ஓடும் நீண்ட தூரம் போட்டி நாளில் களைப்பாகத்தான் வரும்.

ஜனவரி 6 சனிக்கிழமை, லீவு போட்டுவிட்டு, நேப்பியர் பாலத்தில் இருட்டில் நின்றேன். மெரினாவை ஒட்டிய முதல் கிலோமீட்டர்களில் என்னைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நான் கேஸ், பால், ஸ்கூல் வேன் கணக்கை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நடந்தேன். 29 வரை எல்லாம் எனக்குத் தெரிந்த உடம்பு. அதற்கு மேல் தெரியாத இடம். 33-ல் தொடை இரண்டும் கல்லாக இறுகியது. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றிக்கொண்டேன். 38-ல் அது இரண்டுக்கு ஒன்றாயிற்று. 5 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். முடித்த இடத்தில் மகள் நின்றிருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அழுகை எதற்கென்று அப்போது தெரியவில்லை. பாட்டியை மாடிக்குத் தூக்கி வந்த அந்த வாரமும் அதில் இருந்தது என்று பிறகு தோன்றியது.

அட்டவணையில் இன்னும் எது இருந்திருக்கலாம்? தொடைக்கும் இடுப்புக்கும் வலு சேர்க்கும் பயிற்சி கட்டங்களில் இல்லை. அது இருந்திருந்தால், 33-வது கிலோமீட்டரில் வந்த அந்தத் தொடை இறுக்கம் கொஞ்சம் தள்ளி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் பதினைந்து நிமிடம் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ஜ் (ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்குவது) என்று நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இது சும்மா இருந்தவர் நேரே குதிக்கக்கூடிய அட்டவணை இல்லை. முதல் வாரமே நான்கு ஓட்டம், அதில் ஒன்று கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். ஐந்து, ஆறு கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் ஓடுகிற நிலையில் இருந்தால் மட்டும் எடுங்கள். இல்லையென்றால் ஒரு வருடம் ஓடிவிட்டு வாருங்கள். ஏற்கெனவே ஹாஃப் மாரத்தான் சில ஓடியவர்களுக்கு நோவிஸ் 2 பொருந்தும். லாங் ரன் 8 மைலில் தொடங்குகிறது, போட்டி வேகத்தில் ஓடும் நாட்களும் அதில் உண்டு. நேரத்தைக் குறைப்பதுதான் குறிக்கோள் என்றால் நோவிஸ் 1 உங்களுக்கு மெதுவாகத் தோன்றும். முடிக்க வேண்டும், முடித்த பிறகு காலோடு வீட்டுக்கு வர வேண்டும் என்றால் ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன்.

ஒரே ஒரு திருத்தம், சென்னைக்காரர்களுக்கு: 18 வாரத்தை 20 வாரமாக எண்ணித் தொடங்குங்கள். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் ஆரம்பித்தால் மழைக்கென்று இரண்டு வாரம் கையில் இருக்கும். மழை வராவிட்டால் ஸ்டெப்-பேக் வாரத்தை இன்னொரு தடவை ஓடுங்கள், நஷ்டமில்லை.

கீழ் வீட்டுப் பாட்டியின் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் மேலே வந்து, “ஆன்ட்டி, அந்தத் தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள். ஓரம் மடங்கி, மைலுக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் கிலோமீட்டரும், இரண்டு வரிசையில் ‘தண்ணி’யும் இருக்கும் அதே தாளைக் கழற்றிக் கொடுத்தேன். புதிதாக ஒரு பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்றதற்கு, இதுதான் வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.